கணக்கு டீச்சரின் தப்புக்கணக்கு

மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி வரைக்குமான கடைசி 35 கிலோமீட்டரை நான் குட்டியானையில்தான் போனேன். சைக்கிள் பின்னால் காலி மீன் பெட்டிகளோடு கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது. நான் முன்னால் டிரைவர் தம்பி பக்கத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், நேராக உட்கார முடியாத நிலை. கொஞ்ச தூரம் பேசாமல் வந்தவன், "ஏங்க்கா, எதுக்கு இவ்ளோ தூரம் சைக்கிள்ல?" என்றான். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குப் பணம் சேர்க்க என்றேன். "நீங்க சைக்கிள் ஓட்டினா யாருக்கா காசு தருவா?" மூன்று மாதமாக சொந்தக்காரர்களும் ஸ்டாஃப் ரூமும் கேட்ட அதே கேள்வி. பதில் சொல்லத் தெம்பில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு 42 வயது, மேடவாக்கத்தில் வீடு, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா கடைசி மூன்று வருடம் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸில் இருந்து இறந்துபோனார். அந்த மூன்று வருடத்தில் நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயம், அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இலவசம்தான், ஆனால் முடிந்ததும் நிற்கக்கூட முடியாத ஆளை பஸ்ஸில் ஏற்ற முடியாது. போகவர ஆட்டோவுக்குக் காசு இல்லாமல் வாரத்தில் ஒரு முறையை விட்டுவிட்டவர்களை அப்பாவின் பக்கத்துக் கட்டிலிலேயே பார்த்திருக்கிறேன். அந்த ஆட்டோ செலவைக் கொடுக்கிற ஒரு சின்ன அறக்கட்டளை, சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு சைக்கிள் பயணம் நடத்துகிறது என்று 2024 டிசம்பரில் கேள்விப்பட்டதும் யோசிக்காமல் பெயர் கொடுத்துவிட்டேன். 2025 மார்ச்சில் ஒரு ஞாயிறு, திருவான்மியூரில் தொடங்கி ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக சுமார் 145 கிலோமீட்டர். கல்லூரி முடித்த பிறகு நான் சைக்கிளைத் தொட்டதே இல்லை. என் வட்டாரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. சென்னையில் சைக்கிள் குழுக்கள் எத்தனையோ இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈசிஆரில் போய் நின்றாலே பத்துப் பேரைப் பார்க்கலாம், ஆனால் அந்த பளபளா சட்டைக்காரர்களிடம் போய்ப் பேச எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்குக் கொடுத்த விலைதான் கீழே வருவதெல்லாம்.

முதல் தப்பு சைக்கிள். ஆன்லைனில் பழைய ஹைப்ரிட் ஒன்று 18,500 ரூபாய்க்குக் கிடைத்தது. புதுசு மாதிரி இருந்தது, கியரெல்லாம் வெண்ணெய் மாதிரி விழுந்தது, விற்றவர் ஆறடி உயரம். நான் ஐந்தடி இரண்டு அங்குலம். செருப்புக்கு சைஸ் பார்க்கிற நான் சைக்கிளுக்கு சைஸ் உண்டு என்று யோசிக்கவே இல்லை. சீட்டை இறக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சீட்டை இறக்கலாம், ஹேண்டில்பாரைப் பக்கத்தில் இழுக்க முடியாதே. இரண்டு கையையும் நீட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் உள்ளங்கையில் போட்டுத்தான் ஓட்ட முடிந்தது. மூன்றாவது வாரமே சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் நழுவி விழும். உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடுகிற நரம்பு அழுந்துவதால் வருவது அது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரியும். அவரிடம் போனதே அதற்காக இல்லை, முழங்கால் வலிக்காக. கால் தரையில் எட்டவேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்திருந்தேன் இல்லையா, அதனால் முழங்காலுக்கு முன்பக்கம் குத்த ஆரம்பித்தது. அவர் கிளினிக் வாசலிலேயே சைக்கிளைச் சுவரோரம் பிடித்துக்கொண்டு என்னை ஏறச் சொன்னார். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும், அதுதான் சீட்டின் உயரம், ஓட்டும்போது முன்பாதத்தை வைத்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும் என்றார். தாழ்வாக இருந்தால் முட்டிக்கு முன்னால் வலிக்கும், அதிக உயரமானால் முட்டிக்குப் பின்னால் வலிக்கும். இரண்டு நிமிட வேலை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு முறை பிசியோ, தடவைக்கு 600, அதோடு பயிற்சியில் பத்து நாள் போச்சு. ஆகவே சைக்கிள் வாங்குவதற்கு முன்னால் உங்கள் உயரத்துக்கு எந்த அளவு ஃபிரேம் என்று கடையில் ஏறி உட்கார்ந்து பாருங்கள், இரவல் சைக்கிள் என்றாலும் பாருங்கள். கம்மி விலையில் கிடைக்கிறதே என்று பெரிய சைக்கிளை வாங்காதீர்கள். நான் அதைப் பயணம் முடிந்து 11,000 ரூபாய்க்கு விற்றேன்.

அடுத்தது உட்காரும் இடம். இதை யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். 30 கிலோமீட்டர் தாண்டியதும் எரிச்சல் தாங்கவில்லை என்று 650 ரூபாய்க்கு மெத்தென்ற ஜெல் சீட் கவர் ஒன்று வாங்கி மாட்டினேன். முதல் அரைமணி நேரம் சோஃபா மாதிரி சுகம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் அந்த மெத்தை உடம்போடு சேர்ந்து நசுங்கி, எலும்பு தாங்கவேண்டிய பாரத்தை சதை தாங்குகிறது, உரசலும் வியர்வையும் சேர்ந்து தோல் உரிந்துவிடுகிறது. கொஞ்சம் கெட்டியான, நம் இடுப்பெலும்பின் அகலத்துக்குப் பொருந்துகிற சீட்தான் தூரத்துக்கு நல்லது. பேட் வைத்த ஷார்ட்ஸையும் வாங்கினேன், ஆனால் அதை உள்ளாடைக்கு மேல் போட்டுக்கொண்டேன். அப்படிப் போடக்கூடாதாம். உள்ளே எதுவும் இல்லாமல் நேராகத் தோலில்தான் படவேண்டும், உள்ளாடையின் தையல்தான் அறுக்கிறது. சங்கோஜமாக இருந்தால் மேலே தளர்வாக ஒரு பேன்ட் போட்டுக்கொள்ளலாம், நான் இப்போது அப்படித்தான் போடுகிறேன். உரசுகிற இடத்தில் கிளம்பும்போதே வாசலின் தடவிக்கொள்ளவேண்டும், வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்காமல் உடனே குளிக்கவேண்டும். பெண்கள் இன்னொன்றும் பாருங்கள். தேதியைக் காலண்டரில் எண்ணிவிட்டுப் பெயர் கொடுங்கள். எனக்கு அந்த ஞாயிறு இரண்டாம் நாள். அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பயிற்சி என்று பார்த்தால் நான் உண்மையாகவே உழைத்தேன். வாரத்தில் மூன்று நாள் காலை நாலரைக்குக் கிளம்புவேன். சோழிங்கநல்லூர் போய் ஈசிஆர் ஏறி, கோவளம் வரை போய்த் திரும்புவேன். தெருநாய்களுக்காக முதல் ஒரு மாதம் வீட்டுக்காரர் ஸ்கூட்டியில் பின்னாலேயே தூக்கக் கலக்கத்தோடு வந்தார், பாவம். 20, 30, 45, 60 என்று ஏற்றி, கடைசியில் ஒரு நாள் 70 கிலோமீட்டர் ஓட்டினேன். மணிக்கு 22 கிலோமீட்டர் வந்தது. 145-ஐ 22-ஆல் வகுத்தால் ஆறரை மணி நேரம் சொச்சம், காலை 4.45-க்குக் கிளம்பினால் பதினொன்றரைக்குள் பாண்டிச்சேரியில் டிபன் சாப்பிடலாம் என்று நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேகம், தூரம், நேரம் நடத்துகிறவள் போட்ட கணக்கு அது.

தப்பு எங்கே என்றால், அந்த 22 என்பது காற்றே இல்லாத, வெயில் வராத, வயிறு காலியான விடியற்காலையின் 22. ஒரு நாள்கூட நான் காலை எட்டு மணிக்கு மேல் சைக்கிளில் இருந்ததில்லை. வெயில் ஏறியதும் கடற்கரைச் சாலையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. மார்ச்சில் தரை சூடாகி, பத்து பத்தரைக்கு மேல் கடல்காற்று கிளம்பும், பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து. நாம் போவதோ தெற்கே. அதாவது பயணத்தின் பின்பாதி முழுக்க எதிர்காற்று. இதுவே டிசம்பர், ஜனவரியில் போனால் வடகிழக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகும். அதே ரோடு, அதே தூரம், மாதம்தான் வேறு. பெயர் கொடுக்கும் முன்னால் அந்த மாதத்தில் எந்தப் பக்கத்திலிருந்து காற்று என்று பாருங்கள், பயிற்சியில் இரண்டு மூன்று நாளாவது பகல் பதினொரு மணிக்கு எதிர்காற்றில் ஓட்டிப் பாருங்கள். நிற்கிற நேரத்தையும் கணக்கில் சேருங்கள். ரேண்டனர் பயணங்கள் என்று, குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நீண்ட தூர சைக்கிள் பயணங்கள் நடக்கிறதே, அதில் 200 கிலோமீட்டருக்குக் கொடுக்கிற உச்சவரம்பு 13 மணி 30 நிமிடம், சாப்பாடு, பஞ்சர், ஓய்வு எல்லாம் சேர்த்து. மணிக்கு 15-க்கும் கீழே. பழகினவர்களுக்கே அந்தக் கணக்கு என்றால் எனக்கு ஏன் 22?

இனி அந்த நாள். திருவான்மியூரில் இருட்டில் ஐம்பது அறுபது பேர், எல்லோர் சைக்கிளிலும் சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறது, கொடியசைத்ததும் எல்லாரும் பறந்தார்கள். நானும் கூடவே பறந்தேன். கோவளம் வரைக்கும் 26, 27-ல் போனேன், வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகப் போனதில்லை, பெருமையாகக்கூட இருந்தது. இதுதான் பெரிய முட்டாள்தனம். கூட்டத்தின் நடுவில் காற்று தெரியாது, அதனால் நம் காலில் எவ்வளவு செலவாகிறது என்றும் தெரியாது. மகாபலிபுரத்தில் 6.45. அங்கே பொங்கலும் வடையும் போட்டார்கள். வழியெல்லாம் ஒரு வாழைப்பழம்கூடச் சாப்பிடாமல் வந்த பசியில் நெய்ப் பொங்கலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். கல்பாக்கம் தாண்டுவதற்குள் அது தொண்டைக்கு வந்து நின்றது. சைக்கிளில் சாப்பாடு என்பது பசித்தால் சாப்பிடுவது இல்லை, பசிக்கும் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே போவது. முக்கால் மணிக்கு ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு கடலைமிட்டாய், அப்படி. முதல் ஒரு மணி நேரத்திலேயே ஆரம்பித்துவிடவேண்டும். நெய், எண்ணெய் எதுவும் பயணம் முடிந்த பிறகுதான்.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். நான் வேண்டுமென்றே குறைவாகக் குடித்தேன். மகாபலிபுரம் தாண்டினால் பாத்ரூம் எங்கே இருக்கும் என்று தெரியாத பயம். கூட வந்த ஆண்கள் சவுக்குத்தோப்போரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போய் வந்துவிட்டார்கள், நமக்கு அது நடக்குமா? அப்பாவின் கிட்னிக்காக வருடக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள், கிட்னி நோயாளிகளுக்காகத்தான் சைக்கிளும் ஓட்டுகிறாள், அவளே மார்ச் வெயிலில் ஐந்து மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஓட்டினாள். பத்து மணிவாக்கில் ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கியபோது சிறுநீர் கடுங்காபி நிறத்தில் இருந்தது, பயந்துபோனேன். தயவுசெய்து இந்த முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள். ஒரு வாரம் முன்னாடியே ஸ்கூட்டரிலோ பஸ்ஸிலோ அந்த ரூட்டில் ஒரு தடவை போய், எந்த பங்கில் பெண்களுக்குக் கழிப்பறை திறந்திருக்கிறது, எந்த ஓட்டலில் விடுவார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மொத்தப் பயிற்சியிலும் இதைவிடப் பயனுள்ள ஒரு நாள் இருக்காது.

கையில் இரண்டு அட்டைப்பெட்டி 'ஓஆர்எஸ்' பானம் வைத்திருந்தேன், அதையே நம்பியும் இருந்தேன். அது முக்கால்வாசி சர்க்கரைத் தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான், உப்பு 2.6 கிராம். அந்தக் கலவை இல்லாத பானங்களின் லேபிளில் ஓஆர்எஸ் என்ற சொல்லையே போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது, எனக்கு ஏழு மாதம் தாமதம். மெடிக்கலில் கிடைக்கிற பொடி பாக்கெட்டை வாங்குங்கள். அதில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்கவேண்டும், அரை லிட்டர் பாட்டிலில் முழு பாக்கெட்டையும் கொட்டக்கூடாது.

கூவத்தூர் தாண்டி ரோடு வேலை நடக்கிற இடம், ஜல்லியும் புழுதியும். நாலு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதைக் கடந்து நல்ல ரோட்டுக்கு வந்த பிறகு, பின் டயர் புஸ்ஸென்று இறங்கியது. பதற்றமில்லை, என்னிடம் ஸ்பேர் டியூப் இருக்கிறது, சின்ன பம்ப் இருக்கிறது, வீடியோ பார்த்து வீட்டில் ஒரு தடவை மாற்றியும் பழகியிருக்கிறேன். ஆனால் பழகியது முன்சக்கரத்தில், அதுவும் அதே டியூபைக் கழற்றி மாட்டி. கடையில் வாங்கிய ஸ்பேர் டியூபைப் பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டோரம் சக்கரத்தைக் கழற்றி, செயின் கிரீஸ் முழங்கை வரை பூசிக்கொண்டு, புது டியூபின் வாய்ப்பகுதியை ரிம் ஓட்டையில் விட்டால், போகவில்லை. அது பைக் டியூபில் இருக்கிற மாதிரி தடி வால்வு. என் சைக்கிள் ரிம்மில் இருப்பது ஒல்லி வால்வுக்கான ஓட்டை, பிரெஸ்டா என்று சொல்கிறார்கள். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். பஞ்சர் ஒட்டுகிற சாமான் என்னிடம் இல்லை. அமைப்பாளர்களின் வேன் நம்பருக்குப் போட்டால் எடுக்கவில்லை. நான் முன்னால் போய்விட்டதாக நினைத்து வேன் என்னைத் தாண்டிப் போயிருந்தது, அது சாயங்காலம்தான் தெரிந்தது. தூரம் அளக்கிற ஆப் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்ததால் போனில் 9 சதவீதம் சார்ஜ். அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடப்பாக்கம் நோக்கி இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்தேன்.

புளியமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. லுங்கி கட்டிய பெரியவர், லாரி டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வால்வைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஊசி மாதிரி இருக்கு. நமக்கெல்லாம் வால்டியூப் போட்ட வண்டிதான் பழக்கம்" என்றார். ஆனாலும் டியூபை வாங்கி, என் பம்பிலேயே கொஞ்சம் காத்து அடித்து, பிளாஸ்டிக் டப்புத் தண்ணீரில் கையளவு கையளவாக அமுக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கடுகு கடுகாகக் குமிழி வந்தது. அரம் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்கிற வரைக்கும் டயரை எடுத்து உட்புறம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டினார். நின்றது விரல். கட்டிங் பிளேயரால் மயிரிழை மாதிரி ஒரு கம்பியை இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெடித்துச் சிதறுகிற லாரி டயரிலிருந்து வருகிற கம்பி, ரோட்டோரம் பூராவும் கிடக்கும் என்றார். "இதை எடுக்காம புது டியூப் போட்டிருந்தாலும் பத்து நிமிஷத்துல போயிருக்கும்மா." நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். அவருடைய கம்ப்ரசர் அந்த ஒல்லி வால்வில் பொருந்தவில்லை. அதற்குப் பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் உண்டு, விரல் நகம் சைஸ், விலை ஐம்பது ரூபாய்க்குள். அது இருந்திருந்தால் ஒரு நொடியில் டயர் கல்லாகியிருக்கும். என் கைப்பம்பில் முக்கி முக்கி அடித்தும் பாதிக் காற்றுதான் ஏறியது.

ஆக, வால்வு பார்த்து வாங்கிய இரண்டு டியூப், பஞ்சர் பேட்ச், டயர் லீவர், அடாப்டர், பவர் பேங்க். எல்லாவற்றையும் வைத்துப் பின்சக்கரத்தில் ஒரு தடவை வீட்டு வாசலில் பழகிவிட்டுப் போங்கள். இன்னொன்று, உங்களுக்குப் பின்னால் வண்டி வருகிறதா, கடைசி ஆள் யார் என்று எப்படிக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று அமைப்பாளர்களைக் கிளம்பும் முன்னாலேயே கேளுங்கள். நல்ல மனது வேறு, நல்ல ஏற்பாடு வேறு.

கடப்பாக்கத்தில் கிளம்பும்போது 11.20. அப்புறம் நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. பாதிக் காற்று டயர், முகத்தில் அறைகிற உப்புக்காற்று, உரிந்த தோல், மரத்துப்போன கை. வேகம் 11, 12-க்கு மேல் போகவில்லை. மரக்காணத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் உப்பளம், பாத்தி பாத்தியாகக் கண்ணைக் கூசுகிற வெள்ளை, பனையோலை மூடிய உப்புக் குவியல்கள், நிழல் என்று ஒரு மரம் இல்லை. இடது தொடையில் பிடித்த பிடிப்பில் சைக்கிளிலிருந்து இறங்கத் தெரியாமல் அப்படியே சரிந்து மணலில் உட்கார்ந்தேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா வந்து, தூக்குவாளியிலிருந்து நீராகாரம் ஊற்றிக் கொடுத்தார், உப்புப் போட்டது. அன்றைக்கு நான் குடித்ததில் அதுதான் சரியான ஓஆர்எஸ். மரக்காணம் வந்து சேர 12.45. பாண்டிச்சேரியில் ஒன்றரைக்கு முடிவுக்கோட்டைப் பிரித்துவிடுவார்கள் என்று தெரியும். பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். 800 ரூபாய் பேசி அந்தக் குட்டியானை.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். உண்மையான தலைவலி பணத்தில்தான் வந்தது. பெயர் கொடுக்கும்போது கட்டிய 3,500 ரூபாய்தான் நன்கொடை என்று நினைத்திருந்தேன். அது டிசர்ட், சாப்பாடு, வேன் செலவு. நன்கொடை தனி, ஒவ்வொருவரும் குறைந்தது 25,000 திரட்டவேண்டும், குறைந்தால் மிச்சத்தை நாமே கட்டவேண்டும். படிவத்தில் அந்த வரி இருந்தது, நான்தான் படிக்கவில்லை. கோபத்தில் இது என்ன அநியாயம் என்று தேடிப் பார்த்தால் உலகம் முழுக்க இதுதான் வழக்கமாம், அமெரிக்காவில் 1980-லிருந்து நடக்கிற பான்-மாஸ் சேலஞ்ச் என்ற நன்கொடை சைக்கிள் பயணத்திலும் குறைந்தபட்சத் தொகை உண்டு. ஸ்டேட்டஸில் போஸ்டர் போட்டேன், முந்நூறு பேர் பார்த்தார்கள், கும்பிடு போட்டவர்கள் நாற்பது பேர், காசு போட்டவர்கள் ஆறு பேர். "நீ சைக்கிள் ஓட்டுறதுக்கு நான் எதுக்குக் காசு தரணும்?" என்று அத்தை நேராகவே கேட்டார். கடைசி இரண்டு வாரத்தில்தான் புத்தி வந்து, போஸ்டரை விட்டுவிட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போன் போட்டு, அப்பாவின் பக்கத்துக் கட்டில்காரர் கதையைச் சொல்லி, "ஒரு ஆளுக்கு ஒரு மாச ஆட்டோ செலவு கொடுங்க" என்று கேட்டேன். சைக்கிளைப் பற்றிப் பேசவே இல்லை. அப்போதுதான் கொடுத்தார்கள். மொத்தம் 23 பேர், 16,600 ரூபாய். மீதி 8,400 என் கையிலிருந்து.

இதில் பெரிய ஓட்டை, அந்த 16,600-ஐயும் என் ஜிபே நம்பருக்கே வாங்கினேன். வசதியாக இருந்தது. மொத்தமாகச் சேர்த்து 25,000-ஐ நான் அனுப்ப, ரசீது என் பெயரில் வந்தது. அப்புறம்தான் 80ஜி ரசீது, அதாவது வருமான வரியில் கழிவு கேட்பதற்கான நன்கொடை ரசீது எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். யாருடைய கணக்கிலிருந்து பணம் வந்ததோ அவர் பெயரிலும் பான் நம்பரிலும்தான் ரசீது போட முடியும் என்று அறக்கட்டளையில் சொல்லிவிட்டார்கள், அவர்கள் சொன்னது நியாயம்தான். ஆகவே கொடுப்பவர்கள் நேரடியாக அறக்கட்டளையின் கணக்குக்கே அனுப்பட்டும், பான் நம்பரோடு. நீங்கள் நடுவில் நிற்காதீர்கள். இந்த நன்கொடைக் கழிவு பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான், ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் கிடையாது, இதை முன்னாடியே சொல்லிவிடுங்கள். கேட்கும்போது கூச்சமாகத்தான் இருக்கும், பிறகு படுகிற கூச்சத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

சைக்கிளில் 7,500, ஜெல் கவர் 650, பிசியோ 2,400, குட்டியானை 800, கையிலிருந்து போட்ட 8,400. ஆக 19,750, பதிவுக் கட்டணத்தையும் சேர்த்தால் 23,250. இதில் அந்த 8,400-க்கு மட்டும் வருத்தமில்லை, அது போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது.

35 கிலோமீட்டர் விட்டுவிட்டேன் என்பதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தூங்கவில்லை. பணம் கொடுத்த 23 பேருக்கும் உண்மையை எழுதி அனுப்பினேன். ஒருத்தர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ரசீதைத்தான். மூன்று பேர் சரி பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். விடாதவர் சித்தப்பா ஒருத்தர்தான், கருவூலத்தில் வேலை பார்த்து ரிட்டையரானவர். அவர் கொடுத்தது 5,000. அதில் பாதிக்குத்தான் கழிவு, அவருடைய வரி விகிதத்துக்கு மிச்சமாகியிருக்கக்கூடியது 500 ரூபாய்ச் சொச்சம். அதை நானே கொடுத்துவிடுகிறேன் சித்தப்பா என்று பொங்கலுக்குப் போனபோது சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "காசுக்கு இல்லம்மா, கணக்குக்கு" என்றார்.